தொப்புள் இல்லாதவன்

1956ஆம் ஆண்டு திருகோணமலைச் சுவாமி மலையின் அடியில், அலை பாறையில் மோதி நுரைத்துத் திரும்பும் இடத்தில், இரண்டு ஆங்கிலேயர்கள் சுழியோடினார்கள். ஒருவர் மைக் வில்சன், மற்றவர் ஆர்தர் சி. கிளார்க். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்கள் கடலுக்கடியில் கிடப்பதைக் கண்டார்கள். செதுக்கு வேலையுள்ள கற்களைப் படம் பிடித்தார்கள். மறு ஆண்டு வந்த 'த ரீஃப்ஸ் ஆஃப் தப்ரபேன்' என்ற நூலில் கிளார்க் இந்தக் கடற்பயணங்களை எழுதினார். ஊரில் இந்தக் கதை தெரியாதவர் குறைவு. பிரட்றிக் கோட்டைக்குள் மான்கள் மேயும் சரிவைக் கடந்து கோயிலுக்கு ஏறும்போது, கூட வருபவர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டு வருவார்.

அதே 1956இல் கிளார்க்கின் நாவல் ஒன்றும் அச்சாகி வந்தது. 'த சிட்டி அண்ட் த ஸ்டார்ஸ்', அதாவது நகரமும் விண்மீன்களும். அது திருகோணமலையில் பிறந்த நாவல் அல்ல. சுவாமி மலையின் அடியில் இறங்குவதற்கு முன்பே அதில் பெரும்பகுதியை அவர் எழுதிவிட்டார். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. நூறு கோடி ஆண்டுகளுக்குப் பிந்திய பூமியில் டயாஸ்பர் என்றொரு நகரம். அங்கே யாரும் கருப்பையில் உருவாவதில்லை. ஒவ்வொரு மனிதனின் உடலும் மனமும் நகரத்தின் நினைவுக் களஞ்சியத்தில் பதிவாக இருக்கின்றன. படைப்புக் கூடத்திலிருந்து அவன் ஏறத்தாழ வளர்ந்த உடலோடு நடந்து வருவான். ஆயிரம் ஆண்டு வாழ்வான். களஞ்சியத்துக்குள் திரும்பிப் போவான். நெடுங்காலம் கழித்து மறுபடி வருவான். நோய் இல்லை, மூப்பு இல்லை, குழந்தையும் இல்லை. அந்தக் களஞ்சியத்திலிருந்து முன்பு ஒருமுறைகூட வெளியே வந்திராதவன் அல்வின். அவன் நகரத்தைவிட்டு வெளியேறி, லிஸ் என்ற வேறொரு நாட்டை அடைகிறான். அங்கே மனிதர்கள் பிறக்கிறார்கள், கிழமாகிறார்கள், சாகிறார்கள். அங்கே கிடைத்த நண்பன் ஹில்வரின் வயிற்றில் இருக்கும் சிறு குழியைக் கண்டு அல்வினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்குத் தொப்புள் கிடையாது.

ஆங்கில வாசகர் இதை ஒரு நுணுக்கமான விவரம் என்று கடந்து போகலாம். தமிழில் படிக்கிறவருக்கு அப்படிக் கடக்க இயலாது. சொந்த ஊரைத் 'தொப்புள்கொடி புதைத்த மண்' என்கிறோம். பாக்கு நீரிணையின் இரு கரைகளுக்கும் இடையிலான உறவைச் சொல்ல வேண்டி வந்தால் மேடையில் முதலில் வரும் சொல் 'தொப்புள்கொடி உறவு'. டயாஸ்பர்வாசிக்கு அறிவிலோ அழகிலோ ஆயுளிலோ ஒரு குறையும் இல்லை. அல்வினுக்கும் எரிஸ்டன், எட்டானியா என்று இரண்டு பேரை நகரம் பொறுப்பாளர்களாக நியமித்திருக்கிறது, அவர்கள் அன்பானவர்கள்தான். ஆனால் அவனைச் சுமந்தவர் என்று யாரும் இல்லை. கிளார்க் போகிற போக்கில் வைத்த அந்தக் குழியைத்தான் நான் நாவலின் நடுப்புள்ளியாகப் படிக்கிறேன்.

மருத்துவ உயிரித் தொழில்நுட்பம் பற்றிய புனைகதைகளை நாம் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு திறக்கிறோம்: உடலில் எவ்வளவு மாற்றினால் மனிதன் மனிதனாக இல்லாமல் போவான்? 1818இல் மேரி ஷெல்லி பிணத் துண்டுகளைச் சேர்த்து உருவாக்கிய உயிரிலிருந்து இன்றைய மரபணுத் திருத்தக் கதைகள்வரை இந்தக் கேள்வி தொடர்கிறது. திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவின் கரையில் இருந்துகொண்டு அதே கதைகளைப் படித்தால் வேறொரு கேள்வி அவற்றுக்குள்ளிருந்து மேலே வருகிறது. இந்த உடல் யாருடையது என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரை போகிறது.

கிளார்க்கின் உடலிலிருந்து தொடங்குவோம். விண்வெளிக்குப் போக முடியாத காலத்தில் எடையின்மையை அனுபவிக்க அவருக்குக் கிடைத்த வழி சுழியோடுவது. 1962இல் கொழும்பில் அவர் பாரிசவாதம் போன்ற முடக்கத்தில் விழுந்தார். வாசல் நிலையில் தலை மோதியதால் முள்ளந்தண்டில் வந்த பாதிப்பு என்று முதலில் கருதினார்கள். பின்னர் அது போலியோ என்று கொள்ளப்பட்டது. மீண்டு நடந்தார். 1980களில் பலவீனம் திரும்பி வந்தபோது முதலில் சொல்லப்பட்டது இயக்க நரம்பு நோய்; 1988இல் அது போலியோவின் பின்விளைவு என்று தெரிந்தது. கடைசி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்து, 2008 மார்ச் 19இல் கொழும்பில் காலமானார். தரையில் தளர்ந்த உடல் தண்ணீருக்குள் இறங்கியதும் தன்னைத் தானே தாங்க வேண்டியதில்லை. கால்கள் ஓய்ந்தவருக்குக் கடல் கொடுக்கும் விடுதலையை இந்தக் கரைகளில் அவர் நேரடியாக அறிந்தவர். உடலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் மனிதர்கள் அவருடைய கதைகளில் ஏன் இத்தனை பேர் என்பதை இதோடு சேர்த்துத்தான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

1971இல் வெளிவந்த 'எ மீட்டிங் வித் மெடூசா' அந்த முடக்கத்துக்கு 9 ஆண்டுகள் பிந்தியது. ஹோவர்ட் ஃபால்கன் ஒரு பிரம்மாண்ட ஆகாயக் கப்பலின் தலைவன். விபத்தில் கப்பல் நொறுங்குகிறது. கப்பலில் வேலைக்காக மேம்படுத்தி வளர்க்கப்பட்ட சிம்பன்சிகள் இருந்தன. விழுந்துகொண்டிருக்கும் கப்பலுக்குள் அவற்றில் ஒன்றின் கண்ணில் தெரிந்த பீதியை ஃபால்கனால் பிறகு மறக்க முடிவதில்லை. மருத்துவர்கள் அவனை உயிர்ப்பிக்கிறார்கள். அதற்கு என்ன விலை கொடுத்தான் என்று கிளார்க் கடைசிவரை சொல்லாமல் வைத்திருக்கிறார். வியாழன் கோளின் மேகங்களுக்குள் பலூனில் இறங்கி, மலைபோல் மிதக்கும் சொறிமீன்களைப் பார்த்துவிட்டு அவன் திரும்பிய பிறகே நமக்கு முழுதாகத் தெரிகிறது: அவனுடைய உடலில் பெரும்பகுதி இயந்திரம். சக்கரத்தில் நகர்வான், வேண்டும்போது உயர்ந்து நிற்பான். மனிதர் தாங்காத அழுத்தத்தைத் தாங்குவான். சிம்பன்சிக்கும் மனிதனுக்கும் நடுவே தவித்த அந்த விலங்கைப்போல, தானும் மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நிற்பதை அவன் உணர்கிறான். நான் படித்த கிளார்க் கதைகளில் இதுதான் அதிகம் வலிப்பது. எழுதியவருக்குக் கால் ஓய்ந்து கிடந்த நாட்களின் ஞாபகம் இருந்திருக்கிறது என்று நம்புகிறேன். ஃபால்கனுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்தன. மற்றவர்கள் தன்னைப் பார்க்கும் பார்வை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

இடையில் ஒன்று. இந்தத் துறைமுகம் ஆங்கிலப் புனைகதைக்குக் கொடுத்த முதல் ஆள் கிளார்க் அல்ல. 1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர் ரொபேர்ட் நொக்ஸ். ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்து தப்பிப் போய் 1681இல் அவர் வெளியிட்ட நூல், 'ராபின்சன் குரூசோ'வுக்குப் பின்னணியாக அமைந்த நூல்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. உறவும் மொழியும் அற்ற இடத்தில் ஒருவன் எப்படி மனிதனாகவே நீடிப்பான் என்ற கேள்வி இந்தக் குடாவிலிருந்து அன்றே கப்பலேறிப் போயிருக்கிறது. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். அப்படிப் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்துத்தான் தன் மொழியிலான வேதாகமத்தை வாங்கிக்கொண்டார்.

ஃபால்கனின் சக்கரத்துக்கு வருவோம். செயற்கை உறுப்பு என்றால் எழுத்தாளர்களின் கற்பனை வேகத்தையும் பலத்தையும் நோக்கி ஓடுகிறது. நம் பக்கத்தில் நடந்த கதை வேறு. 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற சிற்பக் கைவினைஞரும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து ஒரு காலை வடிவமைத்தார்கள். மேலைநாட்டிலிருந்து வந்த செயற்கைக் கால் நடக்க உதவியது. ஆனால் அதற்குச் சப்பாத்து வேண்டும், அதோடு குந்த முடியாது, சம்மணமிட முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. ரப்பரும் மரமும் சேர்த்துச் செய்த ஜெய்ப்பூர் கால் வெறுங்காலாகவே நடந்தது, குந்தியது, ஈரத்தைத் தாங்கியது. போரும் கண்ணிவெடியும் கால்களைத் தின்ற காலத்தில், 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியது. 

இந்தக் காலின் வடிவமைப்பையே மனிதன் யார் என்பதற்கான ஒரு வரையறையாகப் படிக்கலாம். மனிதன் என்பவன் பந்தியில் மற்றவர்களோடு சம்மணமிட்டு இருந்து சாப்பிடுகிறவன். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவன். பள்ளிவாசலில் வரிசையில் முழந்தாளிடுகிறவன். கரைவலை இழுக்கும்போது ஈர மணலில் குதி ஊன்றுகிறவன். ஃபால்கனை மீண்டும் கட்டியெழுப்பிய மருத்துவர்கள் அவன் எந்தக் கோளில் இறங்க முடியும் என்று யோசித்தார்கள். சர்மாவும் சேத்தியும் காலிழந்தவன் யார் பக்கத்தில் உட்கார முடியும் என்று யோசித்தார்கள். இரண்டும் மருத்துவத் தொழில்நுட்பம்தான். இரண்டாவதைப் பற்றி ஒரு பெரிய நாவல் தமிழில் இன்னும் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

உயிரணுவின் பக்கம் போனால் கிளார்க் 1975இல் எழுதிய 'இம்பீரியல் எர்த்' இருக்கிறது. சனியின் துணைக்கோளான டைட்டனை ஆளும் மெக்கன்சி குடும்பம். முதல்வர் மல்கமின் மரபணுவில் திருத்த முடியாத சேதம். மகள் அதனால் பாதிக்கப்படுகிறாள். ஆகவே அவர் தன்னையே நகலாக்கி கொலினைப் பெறுகிறார். கொலினின் நகல் டங்கன். மூன்று தலைமுறைக்கும் ஒரே முகம். டங்கன் தன் நகலைப் பெற்றுக்கொண்டுவர 2276இல் பூமிக்கு வருகிறான். அங்கே இளமைக்கால நண்பன் கார்ல் கண்ணெதிரே சாகிறான். டங்கன் டைட்டனுக்குக் கையில் ஏந்திப் போகும் குழந்தையின் தலைமுடி மெக்கன்சிகளின் கறுப்பு அல்ல. அது கார்லின் நகல்.

நாவல் வந்து 21 ஆண்டுகள் கழித்து, 1996 ஜூலை 5இல் ஸ்கொட்லாந்தில் டாலி பிறந்தது. 6 வயதுச் செம்மறி ஒன்றின் மடியிலிருந்து எடுத்த உயிரணுவின் கருவை, கரு நீக்கிய முட்டைக்குள் வைத்தார்கள். இப்படி 277 முட்டைகளைத் தயார் செய்ததில் பிறந்தது அந்த ஒரே குட்டி. நகலாக்கம் சாத்தியம் என்று உலகம் அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியில் பேசப்பட்டதெல்லாம் பிரதியின் துல்லியம் பற்றித்தான். கிளார்க் அதைத் தாண்டி ஓர் அடி வைத்திருந்தார்: முகம் ஒன்றாக இருப்பதால் வாரிசு ஆகிவிடாது. இழந்த ஒருவனுக்காக ஏங்கி இன்னொருவன் ஏந்திக்கொண்டதால் அந்தக் குழந்தைக்கு ஒரு வீடு கிடைக்கிறது. அதே சமயம் அதில் ஒரு கொடுமையும் உண்டு. செத்தவனின் இடத்தை நிரப்பத்தான் அந்தச் சிசு வந்திருக்கிறது. கிளார்க் இந்தப் பக்கத்தைத் தொடவில்லை. அது அவருடைய நாவலின் குறை என்றே நினைக்கிறேன். 

அந்தக் குறையை ஈடுசெய்கிறது கசுவோ இஷிகுரோ 2005இல் எழுதிய 'நெவர் லெட் மி கோ'. உறுப்புகளைக் கொடுப்பதற்காகவே வளர்க்கப்படும் நகல் பிள்ளைகள் அதில் வருகிறார்கள். அவர்கள் ஓவியம் வரைகிறார்கள், காதலிக்கிறார்கள், பொறாமைப்படுகிறார்கள். அவர்களுக்கு ஆன்மா உண்டு என்பதை மெய்ப்பிக்கத்தான் பள்ளிப் பொறுப்பாளர்கள் அந்த ஓவியங்களைச் சேகரித்தார்கள் என்பது பின்னர் தெரியவருகிறது. ஆனால் என்னை உலுக்கிய இடம் ஓவியம் அல்ல. ரூத் என்ற பெண், தான் யாருடைய நகல் என்று தேடிக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போகிறாள். ஓர் அலுவலகக் கண்ணாடிக்கு அப்பால் தன் சாயலில் ஒரு பெண்ணைக் கண்டதாக எண்ணிப் பின்தொடர்கிறாள். கிட்டப் போனால் சாயல் கலைந்துவிடுகிறது. அல்வின் அறியாமலே இழந்த தொப்புளை ரூத் அறிந்தே தேடினாள்.

நம் மரபில் இதற்கு மிகப் பழைய கதை ஒன்று உண்டு. அறிவியல் புனைகதை பற்றிப் பேசும்போது அதை மறப்பது வழக்கமாகிவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் திருமூலர் வரலாறு. கயிலையிலிருந்து தெற்கே வந்த ஒரு சிவயோகியார் காவிரிக்கரையில், சாத்தனூர்ப் பக்கத்தில், மூலன் என்ற இடையன் இறந்து கிடப்பதைக் காண்கிறார். அவனைச் சுற்றி மாடுகள் கதறுகின்றன. அவற்றின் துயரம் தீர, தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் நுழைகிறார். மாடுகள் நக்கியும் மோந்தும் மகிழ்கின்றன. மாலையில் அவற்றை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். மூலனின் மனைவி தொடப்போக, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகுகிறார். அவள் ஊராரிடம் முறையிடுகிறாள். திரும்பிப் போனால், வைத்துவிட்டு வந்த சொந்த உடல் அங்கே இல்லை.

கூடுவிட்டுக் கூடு பாய்தலை அதிசயமாகவோ மூடநம்பிக்கையாகவோ மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் கதையின் கூர்மையைத் தவறவிடுகிறார்கள். இங்கே இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். மாடுகள் உடலைச் சோதித்தன: மணம் அதேதான், ஆகவே இவன் நம் மூலன். இன்றைய ஆய்வுகூடம் செய்வதும் இந்த வகைச் சோதனைதான். மனைவி நடத்தையைச் சோதித்தாள்: உடல் அதேதான், ஆனால் வந்திருப்பவன் அவனல்ல. இரண்டு சாட்சியமும் உண்மை. மாடுகளின் துயரம் தீர்ந்தது, அவளுடையது தொடங்கியது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மரபுக்கு நேரம் இருக்கவில்லை. இந்தக் கதையை இன்று யாராவது மறுபடி எழுதினால் அவளிடமிருந்து தொடங்க வேண்டும்.

அமிதாவ் கோஷ் 1995இல் எழுதிய 'த கல்கத்தா குரோமசோம்' இந்தப் பாய்தலை நுண்ணுயிரியலுக்குள் கொண்டுவந்தது. மலேரியா ஒட்டுண்ணி நுளம்பின் உடலுக்குள் வளர்வதை ரொனால்ட் ரோஸ் 1897 ஓகஸ்ட் 20இல் செகந்திராபாத்தில் கண்ட வரலாறு அதன் பின்புலம். நாவலில் கல்கத்தா ஆய்வுகூடம் ஒன்றைக் கூட்டிப் பெருக்கும் மங்களாவுக்கு ரோஸைவிட அதிகம் தெரியும். மலேரியா ஒட்டுண்ணியின் வழியாக ஒருவரின் தன்மையை இன்னொருவர் உடலுக்குக் கடத்தும் வித்தையை அவள் வைத்திருக்கிறாள். அவளுடைய தடத்தைத் தேடிப் போகிறவன் பெயர் முருகன். 1997இல் இந்த நாவலுக்குக் கிடைத்தது ஆர்தர் சி. கிளார்க் பெயரிலான விருதுதான். மலேரியாவால் தலைமுறை தலைமுறையாக வாடிய நாடு இலங்கை. 2016 செப்டெம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் அது ஒழிந்ததாக அறிவித்தது. நம் பெரியவர்கள் குயினைன் கசப்போடு ஞாபகம் வைத்திருந்த நோயை, ஆட்களை உடலிலிருந்து உடலுக்குக் கடத்தும் படகாகக் கோஷ் மாற்றினார். மங்களாவின் வித்தையில் யாரும் அழிவதில்லை. ஆனால் கடத்தப்பட்டவரை எதிரே கண்டு பழைய பெயர் சொல்லி அழைக்க யாராவது இருந்தால்தானே அவர் தொடர்ந்தார் என்று சொல்லலாம்?

இந்தக் கேள்வியைப் புனைகதையிடம் விட்டுவிடக் கிழக்குக் கரைக்கு வசதி இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. கிண்ணியாவில் வைத்தியசாலையே அழிந்தது. தெற்கே கல்முனையில், இடிபாடுகளுக்கிடையே உயிரோடு கிடந்த ஓர் ஆண் குழந்தையை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று அனுமதிக்கப்பட்டவர்களில் 81ஆவது என்பதால் அவனுக்கு அந்த எண்ணே பெயராயிற்று. 9 தாய்மார் அவனுக்கு உரிமை கோருவதாக உலகமெங்கும் செய்தி பரவியது. நீதிமன்றத்தில் முறையாக வந்து நின்றது ஒரே தம்பதிதான். அவர்களிடம் பத்திரம் எதுவும் இல்லை, வீட்டோடு அள்ளிப்போயிருந்தது. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரி நடுப்பகுதியில் முடிவு வந்தது: குழந்தை அவர்களுடையதுதான். அவனைக் கையில் கொடுத்தார்கள்.

சோதனை எளிய கணக்கில் நிற்கிறது. மரபணு இழையின் சில இடங்களில் சிறு எழுத்துத் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வோர் இடத்திலும் குழந்தையிடம் இருக்கும் இரண்டு எண்ணிக்கையில் ஒன்று தாயிடமும் மற்றது தந்தையிடமும் இருக்க வேண்டும். பத்துக்கு மேற்பட்ட இடங்களில் அப்படிப் பொருந்தினால் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்தத் தாய்க்கோ இது எதுவும் வேண்டியிருக்கவில்லை. பார்த்த உடனே அவளுக்குத் தெரியும். மாடுகளின் சாட்சியமும் மனைவியின் சாட்சியமும் எதிரெதிரே நின்ற சாத்தனூர்க் கதை, கல்முனையில் ஒரே பதிலில் முடிந்தது. அந்தச் செய்தியை வாசித்த நாளில் எனக்குத் தொண்டை அடைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. உயிரித் தொழில்நுட்பம் மனிதனைக் கடவுளாக்குமா, அரக்கனாக்குமா என்று நாவல்கள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, இங்கே அது ஓர் எண்ணைப் பிள்ளையாக்கியது.

பதில் கிடைக்காதவர்கள் அதிகம். காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் திருகோணமலையிலும் தாய்மார் வீதியில் அமர்ந்தார்கள். காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. மண்ணிலிருந்து வெளிவரும் ஓர் எலும்பு பேச வேண்டுமானால் அதற்கு உறவு ஒன்று எதிரே இருந்து பதில் சொல்ல வேண்டும். உயிரணுவின் கருவிலுள்ள மரபணு நாட்பட்ட எலும்பில் சிதைந்துவிடுவது உண்டு. இழைமணியில் இருக்கும் சிறு வளைய மரபணு பல்லாயிரம் பிரதிகளாக இருப்பதால் நீண்டகாலம் தாங்கும். அது தந்தையிடமிருந்து வருவதில்லை, தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. ஆகவே ஆளை அடையாளம் காண்பதில் தாயின் மாதிரிக்கு ஈடு சொல்வது கடினம். கூடப்பிறந்தவர்கள் அதற்கு அடுத்தபடி உதவலாம். அந்தத் தாய்மார் மூப்படைகிறார்கள். பலர் காத்திருந்தே கண்மூடிவிட்டார்கள். புதைகுழி ஒவ்வொன்றும் திறக்கும்வரை காத்திராமல், இப்போதே இவர்களின் மாதிரிகளை அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் நம்பும் கைகளில் சேமித்துவைக்க வேண்டும். இதைவிட அவசரமான மரபணுத் திட்டம் ஒன்றும் இந்தத் தீவுக்கு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

உலர்ந்த தொப்புள்கொடித் துண்டைத் தாயத்துக்குள் அடைத்துக் கட்டும் பழக்கம் தமிழர் வீடுகளில் உண்டு. குருத்தணு மருத்துவம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று என்று சமூக ஊடகங்களில் படங்கள் சுற்றுகின்றன. அது சரியல்ல. மருத்துவத்துக்குப் பயன்படும் குருத்தணு கொடியிலுள்ள இரத்தத்திலிருந்து, பிறந்த உடனே சேகரித்து, மிகக் கடுங்குளிரில் உயிரோடு காக்கப்படுவது. காய்ந்த துண்டில் உயிருள்ள உயிரணு எதுவும் மிஞ்சாது. ஆனால் மரபணு மிஞ்சும். ஜப்பானியர்கள் பிள்ளையின் காய்ந்த கொடியைச் சிறு மரப்பெட்டியில் வைத்துப் பாதுகாப்பார்கள். கருவிலேயே தொற்றிய வைரஸை ஆண்டுகள் கழித்துக் கண்டறிய அங்கே மருத்துவர்கள் அந்தத் துண்டைப் பயன்படுத்துகிறார்கள். ஆளை அடையாளம் காணவும் அது உதவும். நம் வழக்கத்தில் பெட்டி இல்லை. தாயத்தைப் பிள்ளையின் அரைஞாணில் கட்டிவிடுவார்கள், அது பிள்ளையோடு போயிருக்கும். தாயின் கன்னத்தின் உட்புறம் இன்னும் இங்கே இருக்கிறது. பஞ்சு சுற்றிய ஒரு குச்சியால் அதை மெல்லத் தேய்த்து எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.